கிருமிகள் பேசிக்கொண்டு குளோரினுக்குப் பழகிவிடுமா?

வடசென்னை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி: 'கிருமிகள் தமக்குள் பேசிக்கொண்டு குளோரினுக்குப் பழகிவிடும், லாரித் தண்ணீரில் மாத்திரை போடாதீர்கள்.' இதை நம்பிக் குளோரின் மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

கிருமிகள் பேசுவது உண்மைதான். பல பாக்டீரியாக்கள் சிறு மூலக்கூறுகளை வெளிவிடும். கூட்டம் பெருகி அவற்றின் செறிவு ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாச் செல்களிலும் குறிப்பிட்ட மரபணுக்கள் இயங்கும். ஒளிரும் கடல் பாக்டீரியாக்களில் இதை 1970-லேயே விளக்கினார்கள். அது தலைக்கணக்கு எடுக்கும் வழி; குளோரினைச் சமாளிக்கும் பாடம் அல்ல. குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா, குளோரின் பட்டதும் பழுதுபார்க்கும் மரபணுக்களை முடுக்கும். ஆனாலும் போதிய அளவு குளோரினில் அது பிழைக்காது.

மாத்திரை தோற்பதற்கு ஒரு முக்கியக் காரணம், தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மின் உட்சுவர் வழவழப்பு. பாக்டீரியாக்கள் பிசின் சுரந்து கட்டிய படலம் அது. குளோரின் அதன் மேற்பரப்பிலேயே செலவாகிவிட, அடியில் உள்ளவை தப்பிக்கும். அதனால் முதலில் சோப்புப் போட்டு பிரஷ்ஷால் தேயுங்கள். அடிமூலையையும் மூடியின் உள்பக்கத்தையும் விடாதீர்கள். கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டுங்கள், அழுக்கும் குளோரினைத் தின்னும். மாத்திரை அட்டையில் அச்சிட்டிருக்கும் அளவுப்படி மாத்திரையைக் கரைத்து 30 நிமிடம் மூடி வையுங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்ச வேண்டும். தண்ணீருக்குள் கையை விடாமல், நீளப் பிடி வைத்த கரண்டியால் மொள்ளுங்கள்.