விலைக்கு மட்டும் 18 சதவீதம் இல்லை

வெளிநாட்டில் ட்ரோன் வாங்கி இலங்கைக்குக் கொண்டுவருவோர் விலையோடு 18 சதவீத வற் வரியை (பெறுமதி சேர் வரி) கூட்டினால் சரி என்று ஒரு கட்டுரையில் இருக்கிறது. அப்படிக் கணக்குப் போட்டால் கையைக் கடிக்கும். சுங்கம் பார்ப்பது விலை, காப்புறுதி, அனுப்பும் கூலி மூன்றும் சேர்ந்த பெறுமதியை. வற் வரியைக் கணக்கிட, அந்தப் பெறுமதியோடு அதில் 10 சதவீதமும் மற்றத் தீர்வைகளும் கூட்டப்படும்.

ட்ரோன் 200,000 ரூபாய், கூலியும் காப்புறுதியும் 20,000 என்று வையுங்கள். மற்றத் தீர்வைகளை விட்டாலும் 220,000உம் அதன் 10 சதவீதமும் சேர்ந்த 242,000க்குத்தான் வற்: 43,560 ரூபாய். கட்டுரைக் கணக்கில் 36,000தான் வரும். வெள்ளவத்தையில் கல்யாண வீடியோ எடுக்கிற என் தம்பிக்கு, பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் இதை எழுதிக் காட்டிய பிறகுதான் ஓடரை நிறுத்தினான்.

அப்புறம், பாதுகாப்பு அமைச்சின் அனுமதியை முதலில் எடுங்கள். அது இல்லாமல் வரும் பெட்டி சுங்கத்தில்தான் கிடக்கும்.