தேறிய பறவை, தேறாத காடு

தீவுப் பறவைகளைப் பற்றி யார் எழுதினாலும் கீழே ஒருவர் வந்து, "பலமானது பிழைக்கும், இயற்கை பார்த்துக்கும், நடுவுல நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். சரி, ஹவாயில் இயற்கை பார்த்துக்கொண்ட லட்சணத்தைப் பார்ப்போம்.

1826க்கு முன் ஹவாயில் கொசுவே கிடையாது. மவுய் தீவின் லஹைனா துறையில் நின்ற ஒரு கப்பலின் தண்ணீர்ப் பீப்பாயில் கொசுப்புழுவாக வந்து இறங்கியது என்கிறார்கள். நம்மூர்ச் சாக்கடையில் பெருகி யானைக்கால் நோயைப் பரப்புகிறதே, அதே கியூலெக்ஸ் கொசுதான். பறவை மலேரியாக் கிருமி அதற்கு வெகுகாலம் கழித்து, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட பறவைகளின் ரத்தத்தில் வந்து சேர்ந்தது. (மனிதருக்கு வரும் மலேரியா வேறு.)

அடி வாங்கியது ஹனிகிரீப்பர் குடும்பம். வளைந்த அலகைப் பார்த்தால் நம் தேன்சிட்டு மாதிரி இருக்கும். உறவுமுறை என்னவோ ஃபிஞ்ச் என்ற, விதை கொத்தும் சிட்டு வகையோடு. இதில் ஈஈவி என்ற செக்கச்சிவந்த பறவையைக் கூண்டில் வைத்துச் சோதித்தபோது, கிருமியுள்ள ஒரே ஒரு கொசு கடித்ததிலேயே பத்தில் ஒன்பது செத்தன. கிருமி ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிறது, சோகை முற்றுகிறது, இரை தேடத் தெம்பில்லாமல் உட்கார்ந்த இடத்திலேயே கதை முடிகிறது.

ஈஈவி இன்னும் மிஞ்சியிருப்பது குளிரின் புண்ணியத்தில். 13 டிகிரிக்குக் கீழே போனால் கொசுவின் உடம்புக்குள் இந்தக் கிருமி வளராது. அதனால் ஏறக்குறைய 1500 மீட்டருக்கு மேலே உள்ள காடு இதுவரை தப்பித்தது. ஆனால் ஓஹியா மரம் கீழே பூத்தால் ஈஈவி தேனுக்காகக் கீழே இறங்கும். கடி வாங்குவது அங்கேதான். இப்போது மேலேயும் சூடு ஏறுகிறது. கவாய் தீவின் உச்சியே 1598 மீட்டர்தான், இதற்கு மேல் பறவை எங்கே ஏறும்? அந்தத் தீவின் அகிகிகி என்ற ஹனிகிரீப்பர் 2023இல் காட்டில் ஐந்தே ஐந்து மிஞ்சியிருந்தது.

இனி 'இயற்கை பார்த்துக்கும்' கட்சிக்குப் பிடித்த பறவைக்கு வருவோம். அமகிஹி, இதுவும் ஹனிகிரீப்பர்தான். தாழ்வான, கொசு மொய்க்கும் காடுகளிலேயே இது கூடு கட்டிப் பெருகுகிறது. மலையுச்சி அமகிஹியை விடத் தாழ்நில அமகிஹி மலேரியாவை நன்றாகவே தாங்குகிறது. சில பத்தாண்டுகளுக்குள் நடந்த பரிணாமம், மறுக்கவே இல்லை. ஆனால் தாங்குவது வேறு, விரட்டுவது வேறு. பிழைத்த அமகிஹியின் ரத்தத்தில் கிருமி ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும். ஆரோக்கியமாகப் பறந்து திரிந்துகொண்டே வருகிற கொசுவுக்கெல்லாம் கிருமி கொடுக்கும். செத்துப்போன பறவையிடமிருந்து எந்தக் கொசுவும் கிருமி எடுக்க முடியாது. தேறிய பறவையிடமிருந்து எடுக்கும். அமகிஹி ஜெயித்ததில் பக்கத்து மரத்து ஈஈவிக்குக் கிடைத்தது கூடுதல் கொள்ளிதான்.

எல்லாப் பறவையாலும் அமகிஹி ஆக முடியாததற்கும் காரணம் உண்டு. எண்ணிக்கை வேண்டும், வேகமாகப் பெருக வேண்டும். மவுயின் கிவிகியூ என்ற ஹனிகிரீப்பர் ஒரு கூட்டுக்கு ஒரே முட்டை இடும், குஞ்சு மாதக்கணக்கில் பெற்றோரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தேர்வு நடப்பதற்குள் தேர்வெழுத ஆள் இருக்காது.

தென் அமெரிக்காவுக்கு மேற்கே உள்ள கலாபகோஸ் தீவுகளிலும் இதே கணக்குதான், ஒட்டுண்ணி மட்டும் வேறு. ஃபிலார்னிஸ் என்ற ஈ. வளர்ந்த ஈ அழுகிய பழம் தின்னும் சாது. அதன் புழு முதலில் குஞ்சின் மூக்குத் துளைக்குள் புகுந்து தின்னும். பெரிதானதும் கூட்டின் அடியில் பதுங்கி, ராத்திரி ஏறிவந்து ரத்தம் குடிக்கும். பிழைத்த குஞ்சுக்கு மூக்குத் துளை அகன்றே போய்விடும், வளர்ந்தபின் பாட்டும் மாறிவிடும். அங்குள்ள மாக்கிங்பேர்ட் என்ற பறவை தாங்குகிறது: குஞ்சு அதிகமாகக் கத்துகிறது, பெற்றோர் அதிகமாக ஊட்டுகின்றன, போன ரத்தம் ஈடாகிறது. அதே தீவுகளின் டார்வின் ஃபிஞ்சுகளிடம் அந்த ஈடுகட்டல் இல்லை. மாக்கிங்பேர்ட் கூட்டில் கொழுத்து வரும் ஈ போய் முட்டையிடுவது ஃபிஞ்ச் கூட்டில்.

அங்கே செய்த ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பேன் மருந்தில் இருக்கும் பெர்மெத்ரினில் பஞ்சை நனைத்துக் காய வைத்து, கம்பிவலைக் கூண்டில் அடைத்துத் தொங்கவிட்டார்கள். ஃபிஞ்சுகள் தாமே பிய்த்துக்கொண்டு போய்க் கூட்டில் செருகின. ஒரு கிராம் பஞ்சு சேர்ந்த கூட்டில் புழு அநேகமாக இல்லை.

ஹவாயில் அப்படிச் சுலபமான வழி இல்லை. காட்டுப்பன்றி மரப்பெரணியின் தண்டைக் குடைந்து மாவுச்சத்தைத் தின்கிறது, குழியில் மழைநீர் நிற்கிறது, கொசு பெருகுகிறது. ஆக முதல் வேலை பன்றிக்கு வேலி. அதற்கு மேல், 2023 கடைசியில் கிழக்கு மவுயில், அங்குள்ள கொசுவில் இருப்பதற்கு வேறான ரக வோல்பாக்கியா பாக்டீரியா கொண்ட ஆண் கொசுக்களை விடத் தொடங்கினார்கள். ஆண் கடிக்காது. அதோடு சேர்ந்த காட்டுப் பெண் கொசுவின் முட்டை பொரியாது. மரபணு மாற்றம் எதுவும் இதில் இல்லை, அந்தப் பயத்தை விட்டுவிடலாம். புதுச்சேரியில் டெங்குக் கொசுவுக்கு உருவாக்கிய வோல்பாக்கியா ரகத்தோடும் போட்டுக் குழப்ப வேண்டாம். அதில் கொசு இருக்கும், வைரஸ் பரவாது என்பது கணக்கு. இங்கே கொசுவே குறைய வேண்டும்.

கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. ஆண், பெண் பிரிக்கும்போது அதே ரகப் பெண் கொசுக்கள் தவறி உள்ளே போய்ப் பெருகிவிட்டால், விடும் ஆணோடு அவை பொருந்தும், முட்டை பொரியும், முறையே பயனற்றுப் போகும். விடுவதை நிறுத்தினாலும் கீழிருந்து கொசு மறுபடி ஏறிவரும். அதனால் ஹெலிகாப்டரிலும், 2025 முதல் டிரோனிலும், மட்கிப்போகும் சின்னப் பெட்டிகளில் ஆயிரம் ஆயிரமாக ஆண் கொசுக்களை விடாமல் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.