எழுத்து மங்கலாகத் தெரிந்தால் ஃபான்டைக் குறை சொல்லாதீர்கள்

4கே மானிட்டர் வாங்கி மேசையில் வைத்ததும் புரோகிராம் எழுதும் பலரும் கேட்பது இதுதான்: "விஎஸ் கோட்ல எழுத்து ஒரு மாதிரி மங்கலா இருக்கு, எந்த ஃபான்ட் போடலாம்?" உடனே ஜெட்பிரெய்ன்ஸ் மோனோ, ஃபிரா கோட், கஸ்கேடியா கோட் என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். மூன்றுமே நல்ல ஃபான்ட்கள்தான். ஆனால் இந்த நோய்க்கு மூன்றும் மருந்தில்லை.

பெரும்பாலான நேரங்களில் நடப்பது வேறு. எடிட்டர், அதாவது விஎஸ் கோட் மாதிரி கோட் எழுதும் மென்பொருள், குறைந்த பிக்சலில் வரைந்து முடித்த படத்தை, அதற்குப் பிறகு யாரோ இழுத்துப் பெரிதாக்குகிறார்கள். செல்ஃபோனில் எடுத்த போட்டோவை ஃபிளெக்ஸ் பேனராக அடித்த கதை. இழுப்பது யார் என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. அது விண்டோஸாக இருக்கலாம், லினக்ஸில் எக்ஸ்-வேலாண்டாக (பழைய முறைப் புரோகிராம்களைப் புதிய திரை முறையில் ஓட்டும் பாலம்) இருக்கலாம், மானிட்டராகவே இருக்கலாம், ரிமோட் டெஸ்க்டாப்பாகவும் இருக்கலாம்.

எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதை பெயின்ட் மாதிரி ஒரு சாதாரண மென்பொருளில் திறந்து 400% பெரிதாக்குங்கள். எழுத்துகளைப் பார்க்க வேண்டாம், அவற்றின் ஓரத்தில் சாம்பல் நிறப் பிக்சல்கள் எப்போதும் இருக்கும். டேப்களுக்குக் கீழே ஓடும் மெல்லிய கிடைக்கோட்டைப் பாருங்கள். அந்தக் கோடு பளிச்சென்று வெட்டினாற்போல் இருந்தால் மென்பொருள் பக்கம் சரி. கோளாறு பெரும்பாலும் கேபிளிலோ மானிட்டரிலோ. கோட்டின் மேலும் கீழும் நிறம் கரைந்து தெரிந்தால் படம் இழுக்கப்பட்டிருக்கிறது. இந்தச் சோதனை விண்டோஸிலும் லினக்ஸிலும் கைகொடுக்கும். மேக்கில் ஏமாற்றிவிடும், காரணம் பின்னால் வருகிறது.

முதலில் விண்டோஸ். அதன் அடிப்படைக் கணக்கு 96 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல். 27 அங்குல 4கே திரையில் ஓர் அங்குலத்துக்கு 163 பிக்சல் இருப்பதால் பொதுவாக 150% ஸ்கேலிங்கில், அதாவது எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு பெரிதாக்கி, வைப்பார்கள். தனக்கு டிபிஐ தெரியும் என்று அறிவிக்காத புரோகிராமை விண்டோஸ் 96 டிபிஐ-யில் வரையவிட்டு, பிறகு தானே ஒன்றரை மடங்கு இழுக்கும். ஒரு பிக்சலை ஒன்றரைப் பிக்சலாக்க வழியில்லை. அதனால் பக்கத்து நிறத்தோடு கலந்து பூசிவிடும். மங்கல் அங்கேதான் பிறக்கிறது.

இதை ஊகிக்கத் தேவையில்லை. டாஸ்க் மேனேஜரில் 'டீடெய்ல்ஸ்' பக்கத்துக்குப் போய், தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து 'டிபிஐ அவேர்னஸ்' என்ற பத்தியைச் சேருங்கள். 'பெர்-மானிட்டர்' என்று இருந்தால் நல்லது. 'அன்அவேர்' என்றால் மங்கல் நிச்சயம். நடுவில் இருக்கும் 'சிஸ்டம்' தான் ஆளைக் குழப்பும். அந்த வகைப் புரோகிராம் நீங்கள் சைன்-இன் செய்தபோது முதன்மைத் திரையின் ஸ்கேலிங் என்னவோ அதையே பிடித்துக்கொள்ளும். லேப்டாப் திரையில் சுத்தமாகத் தெரிந்தது வெளி மானிட்டருக்கு இழுத்தவுடன் மங்குவதும், டாக்கில் (லேப்டாப்பை மானிட்டரோடு இணைக்கும் பெட்டி) மாட்டிக் கழற்றிய பிறகு எல்லாம் குழம்புவதும் இதனால்தான். சைன்-அவுட் செய்து மீண்டும் நுழைந்தால் சரியாகும்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் அந்த இஎக்ஸ்இ கோப்பின் பிராப்பர்ட்டீஸ், 'கம்பாட்டிபிலிட்டி', 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. கீழே இருக்கும் ஓவர்ரைடைத் டிக் செய்தால் மூன்று தேர்வுகள் வரும். 'அப்ளிகேஷன்' என்றால் விண்டோஸ் கையை எடுத்துவிடும். புரோகிராமுக்குத் தானே பெரிதாகத் தெரியாவிட்டால் எழுத்து எறும்பளவாகிவிடும். 'சிஸ்டம்' என்றால் பழைய இழுவைதான். 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' விண்டோஸின் பழைய வரையும் முறையான ஜிடிஐ-யில் வரையும் பழைய புரோகிராம்களில் எழுத்தை மட்டும் கூர்மையாகத் திரும்ப வரையும். விஎஸ் கோட் ஏற்கெனவே டிபிஐ அறிந்த புரோகிராம். அதற்கு இந்தப் பெட்டியில் எதுவும் டிக் ஆகியிருக்கக் கூடாது. எங்கோ படித்துவிட்டு 'சிஸ்டம்' போட்டு வைத்து, ஃபான்டை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் நிறைய.

லினக்ஸில் வேலாண்ட் (திரையில் வரையும் புதிய முறை; பழையது எக்ஸ்11) செஷனும் 125% அல்லது 150% ஸ்கேலிங்கும் சேர்ந்தால்தான் சிக்கல். எக்ஸ்11 முறையில் ஓடும் எடிட்டரை க்னோம் டெஸ்க்டாப் பல பதிப்புகளில் 100% அளவில் வரையவிட்டு இழுத்துவிடும். டெர்மினலில் எக்ஸ்-ஐஸ் (மவுஸைப் பார்க்கும் இரண்டு கண்களை வரையும் சின்னப் புரோகிராம்) ஓடவிட்டு மவுஸை எடிட்டரின் மேல் நகர்த்துங்கள். கண்கள் பின்தொடர்ந்தால் எடிட்டர் எக்ஸ்-வேலாண்டில் இருக்கிறது. மருந்து, அதை நேரடியாக வேலாண்டில் ஓட்டுவது: விஎஸ் கோடைத் தொடங்கும் கட்டளையில் ஓசோன் பிளாட்ஃபார்ம் ஃபிளாகுக்கு வேலாண்ட் என்று மதிப்புக் கொடுக்க வேண்டும். டெர்மினலில் மட்டும் கொடுத்தால் ஐகானைக் கிளிக் செய்யும்போது பழையபடி ஆகிவிடும். அந்த ஐகானுக்கான டெஸ்க்டாப் கோப்பை உங்கள் ஹோம் டைரக்டரிக்குள் நகலெடுத்து, கட்டளை இருக்கும் அதன் எக்ஸெக் வரிகள் எல்லாவற்றிலும் சேருங்கள். க்னோமுக்கு மாற்றான கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப்பில் 5.26 பதிப்பு முதல் டிஸ்பிளே செட்டிங்கிலேயே, பழைய எக்ஸ்11 புரோகிராம்கள் தங்களைத் தாங்களே பெரிதாக்கிக்கொள்ளட்டும் என்ற தேர்வு இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் கேடிஇ பக்கம்தான் என் ஓட்டு.

மேக்கில் கணக்கு தலைகீழ். 4கே திரையில் '2560க்கு 1440 போலத் தெரியட்டும்' என்று வைத்தால் மேக் 5120க்கு 2880 அளவில் பெரிதாக வரைந்து, பிறகு 3840க்கு 2160 ஆகச் சுருக்கும். ஸ்கிரீன்ஷாட் சுருக்குவதற்கு முந்தைய படம், எனவே அதில் எல்லாம் கூர்மையாகவே இருக்கும். '1920க்கு 1080 போல' என்று வைத்துவிட்டு எடிட்டரில் ஃபான்ட் அளவைக் குறைத்துக்கொள்வதுதான் சுத்தம். சரியாக இரண்டு மடங்கு, கலப்படம் இல்லை.

இதே தத்துவத்தை எல்லா இடத்துக்கும் சொல்வேன்: ஸ்கேலிங்கை 100% அல்லது 200% என்ற முழு மடங்கில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை எடிட்டரின் ஃபான்ட் அளவில் சரிசெய்யுங்கள். எழுத்து பெரிதாக வேண்டும் என்று ரெசல்யூஷனைக் குறைப்பது மட்டும் கூடவே கூடாது.

ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருந்தும் திரை மங்கினால் பலரும் கவனிக்காத இடம் நிறத் தகவல். 4கே-யை 60 ஹெர்ட்ஸில் முழு நிறத்தோடு, அதாவது 4:4:4 ஆக, அனுப்ப எச்டிஎம்ஐ 2.0 வேண்டும். 1.4-இல் 30 ஹெர்ட்ஸோடு நிற்க வேண்டும், அல்லது 4:2:0 ஆகக் குறைத்து நான்கு பிக்சலுக்கு ஒரே நிறத்தைப் பங்கிட வேண்டும். வீடியோவில் இது கண்ணுக்கே தெரியாது. கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தும் தப்பிவிடும். டார்க் தீமில் சிவப்பும் நீலமுமாக இருக்கும் கீவேர்டுகள்தான் மை ஊறினாற்போல் ஆகும். சாம்பல் நிற வரிகள் தெளிவாக, வண்ண எழுத்துகள் மட்டும் கலங்கலாகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். கிராஃபிக்ஸ் டிரைவரில் அவுட்புட் கலர் ஃபார்மட்டை ஆர்ஜிபி ஆக்குங்கள், அல்லது டிஸ்பிளேபோர்ட்டுக்கு மாறுங்கள். டிவியை மானிட்டராக வைத்திருப்பவர்கள் அந்த இன்புட்டை 'பிசி' என்று குறித்தால் பெரும்பாலும் தீரும். மலிவான யூஎஸ்பி-சி டாக்குகளில் டிஸ்பிளேவுக்குப் பாதி லேன்கள்தான் (தகவல் போகும் தடங்கள்) ஒதுக்கப்படுகின்றன; அங்கே எந்த செட்டிங்கும் உதவாமல் போகலாம்.

ஓலெட் திரைகளிலும், நிமிர்த்தி வைத்த மானிட்டர்களிலும் இன்னொரு தொல்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் துணைப் பிக்சல்களை நம்பித்தான் விண்டோஸில் எழுத்தைக் கூர்மையாக்கும் கிளியர்டைப் வேலை செய்கிறது. அந்த வரிசை மாறினால் எழுத்தோரத்தில் வண்ண விளிம்பு வரும். விஎஸ் கோடில் கமாண்ட் பேலட்டைத் திறந்து 'கான்ஃபிகர் ரன்டைம் ஆர்க்யுமென்ட்ஸ்' கொடுத்தால் வரும் கோப்பில் துணைப் பிக்சல்களை வைத்து எழுத்தை வரையும் எல்சிடி டெக்ஸ்டை டிசேபிள் செய்துவிட்டு முழுதாக மூடித் திறக்க வேண்டும். ஜெட்பிரெய்ன்ஸ் ஐடிஇ-க்களில் அப்பியரன்ஸ் பக்கத்தில், எழுத்தோரத்தை மென்மையாக்கும் ஆன்டிஅலையசிங்கை 'கிரேஸ்கேல்' ஆக்கினால் போதும்.

எடிட்டர் நன்றாக இருந்து உள்ளே இருக்கும் டெர்மினல் மட்டும் மங்கினால் டெர்மினல் செட்டிங்கில் ஜிபியு ஆக்சிலரேஷனை 'ஆஃப்' செய்து பாருங்கள். வேகம் கொஞ்சம் குறையும். ரிமோட் டெஸ்க்டாப்பில் வேலை பார்ப்பவர்கள் 'ஸ்மார்ட் சைசிங்' ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது முழுத் திரையையும் படமாக எடுத்து இழுப்பது, தொலைவில் இருக்கும் கணினியில் என்ன மாற்றினாலும் இங்கே தெளியாது.