யூரிடிஸி திரும்பி வர ஆசைப்பட்டாளா?

கிரேக்கப் புராணத்துப் பாடகன் ஆர்ஃபியஸ் கதை தெரிந்ததுதான். பாம்பு கடித்துச் செத்துப்போன மனைவி யூரிடிஸியை மீட்க யாழோடு பாதாளத்துக்கே இறங்கினான், வெளியே வரும் வரை திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை, வாசலை நெருங்கும்போது பொறுக்கமாட்டாமல் பார்த்துவிட்டான், போச்சு. இரண்டாயிரம் வருஷமாக எல்லோரும் அவனுக்காகத்தான் அழுகிறோம். அவள்? பழைய ரோமக் கவிஞர் ஓவிட் அவளுக்குக் கொடுத்தது ஒரே ஒரு சொல், "வாலே", அதாவது போய்வருகிறேன். அதுகூட அவன் காதில் சரியாக விழவில்லை. தன்னை நேசித்தான் என்பதைத் தவிர அவன்மேல் என்ன குறை சொல்ல முடியும் என்று அவள் சார்பில் ஓவிடே பேசி முடித்துவிடுகிறார். (இன்னொரு ரோமக் கவிஞர் வர்ஜில் பரவாயில்லை, சில வரிகள் புலம்பவாவது விடுகிறார்.)

1917-ல் எச்.டி. என்ற அமெரிக்கக் கவிஞர் ஹில்டா டூலிட்டில் எழுதிய யூரிடிஸிக்குக் குறை ஏராளம். உன் திமிரால்தான் நான் மறுபடி இங்கே தள்ளப்பட்டேன் என்று எடுத்த எடுப்பிலேயே தொடங்குகிறாள். சும்மா விட்டிருந்தால் உன்னை மறந்து செத்தவர்களோடு நிம்மதியாகக் கிடந்திருப்பேனே என்கிறாள். அப்புறம் ஒரு கேள்வி கேட்கிறாள் பாருங்கள், என் முகத்தில் அப்படி என்னதான் பார்த்தாய், உன் முகத்தின் ஒளியையா? அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிரிட்டிஷ் கவிஞர் கரோல் ஆன் டஃபியின் யூரிடிஸி (1999) வேறு ஆள். கவிஞன் தொல்லை விட்டது என்று செத்த பிறகு நிம்மதியாக இருப்பவளைத் தேடி அவன் அங்கேயும் வந்துவிடுகிறான். திரும்பும் வழியில், உங்கள் கவிதை அற்புதம், இன்னொரு தடவை சொல்லுங்களேன் என்கிறாள். பாராட்டில் மயங்கித் திரும்பினான், தீர்ந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அவனை அவ்வளவு சில்லறை ஆளாக்கிவிட்டால் அவளுடைய வெற்றியும் சில்லறையாகிவிடுகிறது என்பது என் குறை.

என் ஓட்டு ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கேவுக்கு, ஓர் ஆணின் கவிதைக்கு ஓட்டுப் போடுகிறேன் என்று தெரிந்தேதான். 1904-ல் எழுதியது. சவத்துணி காலைத் தடுக்க மெல்ல நடந்து வருகிறாள், பழத்துக்குள் இனிப்பு நிறைவதுபோல் அவளுக்குள் சாவு நிறைந்திருக்கிறது. அவன் திரும்பிவிட்டான் என்று வழித்துணையாக வரும் தேவன் ஹெர்மெஸ் சொல்ல, அவள் மெதுவாகக் கேட்கிறாள், "யார்?" அவ்வளவுதான். கோபப்படுகிறவள்கூட இன்னும் அவனைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறாள், இவள் கணக்கில் அவன் இல்லவே இல்லை.

சரி, யூரிடிஸிக்காவது பெயர் இருக்கிறது. ஹோமரின் கிரேக்கக் காவியமான ஒடிசியில் தூக்கில் தொங்கும் 12 பணிப்பெண்களில் ஹோமர் பெயர் சொல்வது மெலாந்தோ ஒருத்தியைத்தான். நாயகன் ஒடிசியஸ் ஊரில் இல்லாதபோது அவன் மனைவி பெனலோப்பியை மணக்க வந்து வருஷக்கணக்கில் அந்த வீட்டில் தின்றுகொண்டிருந்தவர்களோடு படுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதே 22-ஆம் காண்டத்தின் தொடக்கத்தில், என் அடிமைப் பெண்களை வலுக்கட்டாயமாகப் புணர்ந்தீர்கள் என்று அவர்களைப் பார்த்துக் கத்துவதும் ஒடிசியஸ்தான்! தூக்குக்கு முன், ஒடிசியஸ் கொன்று குவித்த அந்த ஆண்களின் பிணங்களை இந்தப் பெண்களையே சுமக்கவைத்து, மேசை நாற்காலிகளைக் கடற்பஞ்சால் துடைக்கவைக்கிறார்கள். ஒடிசியஸின் மகன் டெலிமாகஸ் கப்பல் கயிற்றைக் கட்டுகிறான். கால்கள் கொஞ்சம் துடித்தன, அதிக நேரமில்லை என்கிறார் ஹோமர். ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் சிலர், மூலத்தில் வெறும் "இவள்கள்" என்று இருக்கும் இடத்தில் தேவடியாள் என்கிற அளவுக்கு வசைச்சொற்களைத் தாங்களாகவே சேர்த்தார்கள், 2017-ல் எமிலி வில்சன் வந்துதான் அதைக் கழற்றிப் போட்டார்.

கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட்டின் பெனலோப்பியட் (2005) நாவல்தான், ஆனால் பெனலோப்பி உரைநடையில் தன் நியாயத்தைச் சொல்லிக்கொண்டே போக, இந்தப் பன்னிரண்டு பேரும் நடுநடுவே பாட்டாகப் புகுந்துவிடுகிறார்கள், ஒப்பாரி, மாலுமிப் பாட்டு என்று விதவிதமாக. அவர்கள் முதலில் பாடுவது எது தெரியுமா? சின்னப் பெண்கள் கயிறு தாண்டிக் குதிக்கும்போது பாடும் ஸ்கிப்பிங் பாட்டு.