எலெக்ட்ரிக் காரில் ஊருக்குப் போகிறவர்களுக்கு

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு எலெக்ட்ரிக் காரில் போகலாமா, குழந்தைகளை வைத்துக்கொண்டு பயமில்லாமல் போய்ச் சேர முடியுமா என்று நண்பர்கள் சிலர் இன்பாக்ஸில் கேட்டிருந்தார்கள். தாராளமாகப் போகலாம். நானும் குடும்பத்தோடு அந்த ரோட்டில்தான் போய் வருகிறேன். ஆனால் கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் போகும்?" அதை மட்டும் வைத்துப் பயணத்தைத் திட்டமிட்டால் வழியில் அவதிப்பட வேண்டியிருக்கும். நான் கேட்கச் சொல்வது இதை: சார்ஜர் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேரும்போது பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருக்கும்? அந்தச் சார்ஜர் வேலை செய்யாவிட்டால், அடுத்த சார்ஜர் வரைக்கும் அந்த மிச்சம் போதுமா?

இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சின்னக் கணக்குதான்.

கணக்கையே போட்டுப் பார்க்கலாம். 45 யூனிட் (கிலோவாட்-மணி, கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான்) பேட்டரி உள்ள டாடா நெக்ஸான் எலெக்ட்ரிக் காரை எடுத்துக்கொள்வோம். சான்றிதழில் இருக்கிற ரேஞ்ச் 489 கிலோமீட்டர். அது சோதனைக்கூடத்து எண். நாலு பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி, 90 கிலோமீட்டர் வேகம் என்று நம் நாற்கர சாலையில் போனால் யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வது பத்திரம். அப்படியென்றால் முழு பேட்டரிக்கும் 290 கிலோமீட்டர். வீட்டிலேயே 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினால், உளுந்தூர்பேட்டை பக்கம் வரும்போது ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடியிருக்கும், 30 சதவீதம் மிச்சம் இருக்கும். காலை டிபன் நேரம். 80 வரை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் திருச்சிக்கு 130 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேரும்போது 35 சதவீதம் இருக்கும். மறுபடி 80. மதுரை 135 கிலோமீட்டர், அங்கும் மிச்சம் அதே அளவுதான் வரும். மதுரையில் கொஞ்சம் கூடுதலாக, 85 வரை ஏற்றினால் திருநெல்வேலிக்கு 160 கிலோமீட்டரையும் ஓட்டி 30 சதவீதத்தோடு வீட்டு வாசலில் நிறுத்தலாம்.

ஆக மூன்று நிறுத்தம். "ஏன் மூன்று? ஆப் இரண்டே போதும் என்கிறதே" என்பார்கள். ஏ பெட்டர் ரூட்பிளானர் போன்ற ஆப்களில் நாம் எதையும் மாற்றாமல் விட்டால், 10 சதவீதத்தோடு சார்ஜருக்குப் போய்ச் சேருகிற மாதிரிதான் வழி போட்டுத் தரும். பேட்டரியைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரி. லித்தியம் பேட்டரி காலியாக இருக்கும்போது மளமளவென்று சார்ஜ் ஏறும்; 80-ஐத் தாண்டியதும் காரே மின்சாரத்தைக் குறைத்து வாங்க ஆரம்பிக்கும். பல கார்களில் கடைசி 20 சதவீதம் ஏற எடுக்கும் நேரத்தில், 20-லிருந்து 80 வரை ஏற்றிவிடலாம். அதனால் நன்றாகக் காலியான பிறகு போய் ஏற்றுவதுதான் நேர மிச்சம் என்று ஆப் சொல்கிறது. ஆனால் நீங்கள் போய்ச் சேரும் நேரத்தில் அந்தச் சார்ஜர் உயிரோடு இருக்குமா என்பதை ஆப் உறுதி சொல்ல முடியாது. 10 சதவீதம் என்றால் உங்கள் கையில் இருப்பது 29 கிலோமீட்டர். 30 சதவீதம் என்றால் 85 கிலோமீட்டருக்கு மேல். அந்த 85 கிலோமீட்டருக்குள் இன்னும் இரண்டு மூன்று இடங்கள் வந்துவிடும். பத்து இருபது நிமிடத்தை மிச்சம் பிடிப்பதற்காக அந்த நிம்மதியைக் கைவிடாதீர்கள். ஆப்பின் செட்டிங்கில் போய் 10 என்பதை 25 ஆக மாற்றிவிடுங்கள், முதல் வேலை அதுதான்.

இனி சார்ஜருக்கு வருவோம்.

போர்டில் 60 கிலோவாட் என்று போட்டிருக்கும், மின்சாரம் ஏற்றுகிற வேகம் அது. இரண்டு கன் இருக்கும், அதாவது காரில் செருகுகிற கைப்பிடி. நீங்கள் ஒருவர் மட்டும் போட்டால் உங்கள் கார் எவ்வளவு வாங்குமோ அவ்வளவும் வரும். பக்கத்தில் இன்னொருவர் வந்து இரண்டாவது கன்னைப் போட்டால், பல மெஷின்களில் ஆளுக்கு 30 ஆகப் பிரிந்துவிடும். அரை மணி நேரத்தில் முடிய வேண்டியது முக்கால் மணி நேரத்தைத் தாண்டும். பொங்கல், தீபாவளி நேரத்தில் நீங்கள் தனியாக நிற்கப்போவதில்லை, அதனால் கணக்கைப் பாதி வேகத்துக்கே போட்டுவையுங்கள். பின்னால் ஆள் காத்திருந்தால் 80-லேயே கழற்றிக்கொண்டு இடம் விடுங்கள். குடும்பத்தோடு வெயிலில் நிற்கிற இன்னொருவருக்கு அந்தக் கடைசி 20 சதவீதத்தின் நேரம் பெரிய உதவி.

மெஷினுக்கு முன்னால் நின்று ஆப்பைத் திறந்து, வாலட்டில் பணம் போட்டு, கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, கன்னைச் செருகினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கும். திரையில் 'பிரிப்பேரிங்' என்று வரும். அங்கேயே நின்றுவிட்டால் பதற வேண்டாம். காரை ஆஃப் செய்து லாக் போட்டு, கன்னைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகுங்கள். அதன் கனத்தில் கன் கீழே தொங்கினால் பின்கள் சரியாகத் தொடாது, முதல் சில நொடிகள் கையால் தாங்கிப் பிடியுங்கள். மெஷின் செத்தமாதிரி கிடந்தால் முதலில் அந்தச் சிவப்பு எமர்ஜென்சி பட்டனைப் பாருங்கள். யாராவது அழுத்திவிட்டு அப்படியே போயிருப்பார்கள். பெரும்பாலானவற்றில் அதை வலப்பக்கமாகத் திருகினால் வெளியே வந்துவிடும், ஒரு நிமிடத்தில் திரை எரியும். முகப்பு உடைந்திருந்தாலோ, வயர் வெளியே தெரிந்தாலோ, கருகிய வாடை அடித்தாலோ தொடாதீர்கள், நேராக அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள்.

ஆப்பில் பச்சையாகக் காட்டும், போய் நின்றால் வேலை செய்யாது. இது எனக்கும் நடந்திருக்கிறது. எந்த நிறுவனம் என்று இங்கே சொல்லவில்லை, ஒரு ஹோட்டல் வளாகத்தில் இருந்த சார்ஜர். இரண்டு கன்னும் 'அவைலபிள்'. ஹெல்ப்லைனில் காத்திருந்தபோது வாட்ச்மேன் அண்ணன் ஒருவர் தானாக வந்தார். "சார், அது ரெண்டு நாளா இப்படித்தான் இருக்கு. வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். கம்பெனியில யாருகிட்ட சொல்றதுன்னு எனக்குத் தெரியல" என்றார். கையில் போதுமான சார்ஜ் இருந்தது, அடுத்த இடத்துக்குப் போய்விட்டோம். ஆனால் அந்த மனிதர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. மெஷின் வேலை செய்யவில்லை என்பது அங்கே நிற்கும் ஒருவருக்குத் தெரிகிறது; அதைச் சரிசெய்ய வேண்டியவர்களுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து கிளம்புவதற்கு முன் அந்தந்த ஹோட்டல் ரிசப்ஷனுக்கு போன் போட்டு, "இன்றைக்கு யாராவது சார்ஜ் போட்டார்களா?" என்று கேட்டுவிடுகிறேன். இதற்கு இணையான செயலி எதுவும் இல்லை. பிளக்‌ஷேரில் (சார்ஜ் போட்டவர்களே குறிப்பு எழுதுகிற ஆப்) கடைசியாக யார், எந்தத் தேதியில் சார்ஜ் போட்டார்கள் என்றும் பார்த்துவிடுங்கள்.

இடம் தேர்ந்தெடுப்பதில் நான் பார்க்கிறவை: சுத்தமான கழிப்பறை, உட்கார நிழல், வெளிச்சம், ஆள் நடமாட்டம். பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருட்டில் 120 கிலோவாட் சார்ஜர் இருந்தாலும் இரவில் அங்கே போக மாட்டேன். என் தங்கை தனியாகக் காரோட்டி வருகிறவள், அவளை அந்த மாதிரி இடத்தில் அரை மணி நேரம் நிற்க வைக்கிற திட்டம் எனக்குத் திட்டமே இல்லை. முட்டி வலியோடு வருகிற அம்மாவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்தாக வேண்டும். சார்ஜ் நிறுத்தத்தை அவருடைய நேரத்தோடு பொருத்திவிட்டால், காருக்காகக் காத்திருப்பதாக வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை.

பண்டிகை நெரிசலில் பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு வரை ஊர்ந்தால் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்கிற பயம் வேண்டாம். நின்றுகொண்டிருக்கும்போது ஏசிக்கு மணிக்கு ஒன்று, ஒன்றரை யூனிட் போகும், அவ்வளவுதான். சார்ஜைத் தின்பது வேகம். 80-லிருந்து 100-க்குப் போனால் காற்றுத்தடை ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும். மிச்சம் குறைவாக இருக்கிறது என்று பட்டால் செய்ய வேண்டிய முதல் காரியம் வேகத்தை 80-க்குக் கொண்டுவருவதுதான். ஏசியை அணைத்துப் பிள்ளைகளை வேக வைக்க வேண்டியதில்லை. ஆடிக் காற்றில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் பக்கம் போகிறவர்கள் மட்டும் கூடுதலாகக் கவனியுங்கள். காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று எதிர்த்து அடிக்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டிருப்பது அந்தக் காற்றை நம்பித்தான். அந்தக் காற்றில் யூனிட்டுக்கு ஆறரை கிடைக்காது.

ஊட்டிக்குப் போகிறவர்களுக்கும் ஒரு விஷயம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஆள் சாமானோடு 1,800 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே 9 யூனிட் ஆகும். தூரத்துக்கான செலவு அதற்கு மேல். இறங்கும்போது மோட்டாரே காரின் வேகத்தைப் பிடித்து மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும், இதைத்தான் ரீஜென் என்கிறார்கள்; அதன் மூலம் அதில் ஒரு நல்ல பங்கு திரும்பி வரும். ஆனால் மேலேயே 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியால் ரீஜென் மின்சாரத்தை வாங்க முடியாது, மொத்தப் பாரமும் பிரேக்கில் விழும். கொண்டை ஊசி வளைவுகளில் இது விளையாட்டல்ல.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே 15 ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்று முன்கூட்டியே சித்தப்பாவிடமோ மாமாவிடமோ கேட்டுவையுங்கள். ஏசிக்குப் போட்டிருப்பார்களே, அதுதான். மணிக்கு மூன்று யூனிட் ஏறும், ராத்திரி முழுக்கப் போட்டால் காலையில் 25, 30 யூனிட் ஏறியிருக்கும். பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்காது. போர்ட்டபிள் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி மறுத்துவிடும். அதை ஏமாற்றுவதற்கு யூடியூபில் காட்டுகிற குறுக்கு வழிகளைச் செய்யாதீர்கள், உயிருக்கு ஆபத்து. எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் போட்டுக் கொடுத்தால் அந்த வீட்டுக்கும் நல்லது. கரண்ட் பில்லுக்கு வாங்க மாட்டேன் என்பார்கள், பிள்ளைகள் கையிலாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

இவ்வளவு முன்யோசனையையும் ஒரு குடும்பத்தின் தலையில் கட்டுவது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லை என்றுதான் சொல்வேன். நெடுஞ்சாலையில் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. எலெக்ட்ரிக் வாகனங்களை ஊக்குவிக்க மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தின் 10,900 கோடி ரூபாயில் 2,000 கோடி சார்ஜிங் நிலையங்களுக்கு என்று ஒதுக்கினார்கள். நல்லது, வரவேற்கிறேன். ஆனால் எண்ணிக்கை கூடினால் மட்டும் போதாது. நிறுவி, ரிப்பன் வெட்டிய பிறகு அந்த மெஷின் வருடத்தில் எத்தனை நாள் வேலை செய்தது? பிரிட்டனில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள வேகச் சார்ஜர்களை நடத்தும் நிறுவனம், வருடச் சராசரியாக 99 சதவீத நேரம் அவற்றை வேலை செய்கிற நிலையில் வைத்திருக்க வேண்டும், தவறினால் அபராதம். 24 மணி நேரமும் இலவசமாகப் பேசக்கூடிய உதவி எண் வேண்டும், தனி ஆப் இல்லாமல் கார்டைத் தொட்டுப் பணம் கட்ட வழி வேண்டும்.

நம் ஊரில் இளநீர்க் கடையில்கூட யுபிஐ இருக்கிறது. சார்ஜருக்கு மட்டும் கம்பெனிக்கு ஒரு ஆப், ஆப்புக்கு ஒரு வாலட், வாலட்டுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை. பல இடங்களில் யூனிட்டுக்கு 20 ரூபாய்க்கு மேல் வாங்குகிறார்கள், அதில் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இவ்வளவு கொடுக்கிறவர்கள் கியூஆரை ஸ்கேன் செய்து நேராகப் பணம் கட்டிவிட்டுப் போக முடிய வேண்டும். மானியத்தில் ஒரு பகுதியை, மெஷின் வேலை செய்த நாட்களைக் கணக்குப் பார்த்து வருடா வருடம் கொடுக்கட்டும். ஒவ்வொரு நிலையமும் கடந்த மாதம் எத்தனை நாள் ஓடியது என்பதை எல்லாரும் பார்க்கிற மாதிரி வெளியிடட்டும். அந்த வாட்ச்மேன் அண்ணன் மாதிரி அங்கேயே இருக்கிற ஒருவருக்கு மாதம் ஒரு தொகை கொடுத்து, பழுதானால் கூப்பிட ஒரு நேரடி எண்ணையும் கொடுத்தால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீரும்.

அதுவரைக்கும் நமக்கு நாமேதான் துணை. சார்ஜ் போட்டு முடித்ததும் கிளம்புகிற அவசரத்திலும் பிளக்‌ஷேரில் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்: எந்தப் பக்கத்துக் கன் வேலை செய்கிறது, எத்தனை கிலோவாட் கிடைத்தது, கழிப்பறை திறந்திருக்கிறதா. குறிப்பாகத் திருச்சிக்குத் தெற்கே போகிறவர்கள். துவரங்குறிச்சி, மேலூர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு வழியில் நீங்கள் போடுகிற அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் அடுத்து வருகிறவர் எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யப்போகிறார்.