தனியாக வசிப்பது 15 சிகரெட்டுக்குச் சமமா? ஒரு சின்னத் திருத்தம்

தனியாக வசிப்பவர்களுக்குத் தினமும் 15 சிகரெட் பிடிப்பதற்குச் சமமான கெடுதல் வரும் என்று ஆய்வு நிரூபித்திருப்பதாக உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்கவும், அந்த ஆய்வு சொல்வது அது இல்லை.

சிகரெட் ஒப்பீடு ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாடும் சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட தொகுப்பாய்விலிருந்து (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்பது) கிளம்பியது. 148 ஆய்வுகள், சுமார் 3 லட்சம் பேர். 2023இல் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவராக (சர்ஜன் ஜெனரல்) இருந்த விவேக் மூர்த்தியின் அறிக்கையும் இதை எடுத்துச் சொன்னதும் எல்லா இடத்திலும் பரவிவிட்டது. ஆனால் அங்கே பேசப்படுவது உறவும் நட்பும் இல்லாமல் போவதைப் பற்றி, ஒரு வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பற்றி அல்ல. சொல்லப்போனால் அதே ஆய்வில் பல வகை உறவுகளையும் சேர்த்து அளந்தபோது உயிர்வாழும் வாய்ப்போடு தொடர்பு மிக வலுவாக இருந்தது (வாய்ப்பு விகிதம் 1.91; 1 என்றால் வேறுபாடே இல்லை, எண் கூடக்கூடத் தொடர்பு வலுவானது), தனியாக வசிக்கிறாரா சேர்ந்து வசிக்கிறாரா என்று மட்டும் பார்த்தபோதுதான் இருப்பதிலேயே குறைவு (1.19). தனி வீட்டில் இருந்தாலும் தினமும் நாலு பேரோடு திண்ணையில் உட்கார்ந்து பேசும் பாட்டியையும், நிறைந்த வீட்டில் யாரோடும் பேச்சே இல்லாமல் கிடப்பவரையும் நமக்கே தெரியுமே.

நீங்களே பார்க்கலாம். இந்த ஆய்வு வெளியான பிளாஸ் மெடிசின் இதழ் இலவசம். ஆய்வாளர் பெயரையும் (Holt-Lunstad) 2010 என்ற ஆண்டையும் ஆங்கிலத்தில் போட்டுத் தேடினால் கட்டுரை வந்துவிடும். முழுதாகப் படிக்க வேண்டாம், தொடக்கத்தில் இருக்கும் சுருக்கத்திலேயே இந்த இரண்டு எண்களும் இருக்கின்றன.