வேதசாட்சிகள் மட்டுமே குடியிருக்கும் ரோம்

கர்தினால் வைஸ்மனின் ‘ஃபபியோலா’ 1854-இல் வந்த நாவல். கதைக்களம், கிறிஸ்தவர்களை அரசு துன்புறுத்திய, கி.பி. 303-இல் தொடங்கிய வேதகலாபனைக் காலத்து ரோம். எழுதியவர் ரோமில் ஆங்கிலேயக் குருமடத்தின் அதிபராக இருந்த அறிஞர். ஏமாற்றம் கூடுதலாக இருப்பதே அதனால்தான்.

தொடக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. எதிர்த்துப் பேசிய அடிமைப் பெண் சீராவை, நாயகி ஃபபியோலா தந்தப்பிடி போட்ட ஊசிக்கத்தியால் குத்துகிறாள். கையில் ஆழமாக இறங்குகிறது. ரோமானிய வீட்டுக்குள் அடிமையின் நிலை என்ன என்பது அந்த ஒரு காட்சியிலேயே புரிந்துவிடும்.

அப்புறம் ஆக்னஸ், செபஸ்தியார், பங்கிராஸ், செசிலியா, தார்சிசியுஸ், காசியான் என்று வேதசாட்சிகள், அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்கள், வரிசை கட்டி வருகிறார்கள். புனிதர்கள் நாட்காட்டியைப் பிரித்து ஒரே ஊரில் குடிவைத்த மாதிரி. எல்லோரும் வரும்போதே புனிதர்கள். மாறுவதற்கு எதுவும் மிச்சமில்லை. (பூசையில் உதவும் பீடச் சிறார்களுக்கு முன்மாதிரியாகக் காட்டப்படும் அந்தச் சிறுவன் தார்சிசியுஸ் பெரும்பாலும் இந்த நாவல் தந்த உருவம். பாப்பரசர் தமாசுஸின் பழைய கவிதையில் அவருக்கு வயதே சொல்லப்படவில்லை.)

நிலத்தடிக் கல்லறைகள் இன்னொரு தலைவலி. குழி வெட்டும் டயோஜெனஸ் விளக்கைப் பிடித்துக்கொண்டு கல்வெட்டுப் பாடம் எடுக்க, கதை படுத்துவிடுகிறது. அதைவிட, இவற்றை ரகசியப் புகலிடமாகக் காட்டுவதுதான் பிசகு. மிருதுவான எரிமலைப் பாறையில் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்துக்கு வெட்டிய சந்துகள். இருபுறமும் ஓடோ பளிங்கோ வைத்துப் பூசிய பிணமாடங்கள். காற்றோட்டம் குறைவு. குடும்பத்தோடு எத்தனை நாள் ஒளிந்திருக்க முடியும்? அரசுக்கும் இடம் தெரியும்: 257-இல் பேரரசன் வலேரியன் கல்லறைகளுக்குள் போகவே தடை போட்டான், மறு ஆண்டு பாப்பரசர் இரண்டாம் சிக்ஸ்துஸ் அங்கேயே பிடிபட்டுக் கொல்லப்பட்டார்.

நிஜமான நாடகம் வேறு இடத்தில் இருக்கிறது. 303 மே 19, வட ஆப்பிரிக்காவின் சிர்த்தா. வேதப் புத்தகங்களைப் பறிமுதல் செய்ய, கிறிஸ்தவர்கள் கூடும் வீட்டுக்கு நகர அதிகாரி வருகிறார். எழுத்தர் பட்டியல் போடுகிறார்: பொற்கிண்ணம் 2, வெள்ளிக்கிண்ணம் 6, பெண்கள் அங்கி 82, பெண்கள் செருப்பு 47 ஜோடி. ஆயர் பவுல் உட்கார்ந்து பார்க்கிறார். புத்தக அலமாரி காலி. துணைத் திருத்தொண்டர் ஒருவர் ஒரே ஒரு பெரிய ஏட்டைக் கொண்டுவருகிறார். மற்றவை எங்கே? வழிபாட்டில் வேதம் வாசிக்கும் வாசகர்களிடம். அதிகாரி வீடு வீடாகப் போகிறார். ஒருவர் 4, ஒருவர் 5, ஒருவர் 8 என்று எடுத்துக் கொடுக்கிறார்கள். ஒரு வீட்டில் கணவன் இல்லை, மனைவி 6 கொடுக்கிறாள்.

நாவலிலும் டார்க்குவாட்டஸ் என்று ஒருவன் விசுவாசத்திலிருந்து விழுகிறான். ஆனால் குடியிலும் சூதிலும் சிக்கி. சிர்த்தாவில் கொடுத்தவர்கள் குடிகாரர்கள் இல்லை, ஞாயிறுதோறும் வாசித்தவர்கள். சிர்த்தாவில் நடந்ததைச் சொல்வது வைஸ்மன் காலத்திலேயே அச்சில் இருந்த ஆவணம்தான். அன்று ஒரு வெள்ளிப் பேழையையும் விளக்கையும் எடுத்துக் கொடுத்த சில்வானுஸ் பின்னாளில் அதே ஊருக்கு ஆயரானார். 320-இல் ஆளுநர் விசாரணையில் இந்தப் பட்டியலை வாசித்துத்தான், சபைப் பொருளை அதிகாரிகளிடம் கொடுத்தவர் என்று அவரை மடக்கினார்கள்.